மணி பெர்லினுக்குப் போன எட்டு மாசம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் எனக்கு வந்த ஒரு வாய்ஸ் நோட். கேட்டவங்க சோழிங்கநல்லூர்ல இருக்காங்க. கணவருக்கு நெதர்லாந்துல வேலை கிடைச்சிருக்கு, ஆறு வாரத்துல ரெண்டு பேரும் கிளம்பணும், வீட்டுல நாலு வயசு லேப்ரடார். "நாயையும் கூட்டிட்டுப் போகணும், ஆறு வாரம் போதும்ல அக்கா?" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

போதாதும்மா. ஆறு மாசம் இருந்தா ஓரளவு நிம்மதியா பண்ணலாம். ஏன்னு என் கதையிலேயே சொல்றேன், ஏன்னா நானும் இதே கணக்கைத்தான் தப்பாப் போட்டேன்.

எங்க நாய் பேரு மணி. நாட்டு நாய். செம்மண் கலர், காது ரெண்டும் நட்டுக்கிட்டு நிக்கும், 19 கிலோ. 2020 லாக்டவுன்ல ஆபீஸை மூடிட்டு எல்லாரையும் ஊருக்கு அனுப்பினாங்களே, அப்ப நான் பிரம்மதேசத்துல இருந்தேன். அதுதான் எங்க ஊர். திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற ரோட்டுல இருக்கு. பேரைச் சொன்னாலே "சோழர் கோயில் இருக்குற ஊரா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க, அது எண்ணாயிரம் பக்கத்துல இருக்குற பிரம்மதேசம். செய்யாறு பக்கம் ஒண்ணு இருக்கு, அம்பாசமுத்திரம் பக்கம் ஒண்ணு இருக்கு. எங்களுது வேர்க்கடலையும் தர்பூசணியும் சவுக்கும் விளையற பிரம்மதேசம். அங்க எங்க வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னாடி ஒரு தெரு நாய் குட்டி போட்டுச்சு. அஞ்சு குட்டியில ஒண்ணுதான் பொழைச்சது. அதுதான் மணி.

ஆபீஸ் திறந்ததும் அவனையும் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அடுத்த வருஷம், 2022ல, அம்மா தவறிட்டாங்க. அப்பா ஊர்ல தனியா ஆயிட்டாரு. இதை இப்பவே சொல்லி வெச்சிடறேன், பின்னாடி தேவைப்படும்.

2023 நவம்பர் கடைசியில எனக்கு பெர்லின்ல வேலை உறுதியாச்சு. ஏப்ரல் 1 சேரணும். நாலு மாசம் இருக்கு, மணிக்கு வருஷா வருஷம் வெறிநாய்க்கடி ஊசி போட்ட புக் கையில இருக்கு, வேற என்ன வேணும்னு நெனச்சேன். டிசம்பர் 16, சனிக்கிழமை, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் புக்கைப் புரட்டிப் பார்த்துட்டு, "மைக்ரோசிப் எப்ப போட்டீங்க?"ன்னு கேட்டாரு. போடவே இல்ல. "அப்ப இந்த ஊசி எதுவும் ஐரோப்பாவுக்குக் கணக்குல வராது"ன்னு சொல்லிட்டாரு.

இதுதான் நிறைய பேர் வழுக்கி விழற இடம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரிசை முக்கியம். முதல்ல சிப், அதுக்கப்புறம்தான் ஊசி. ஒரே நாள்ல போடலாம், தப்பில்ல. ஆனா சிப் முந்தணும். யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டதுன்னு எப்படி நிரூபிப்பீங்க? புக்ல "மணி, பிரவுன், ஆண்"னு எழுதியிருக்கு. எங்க தெருவுலேயே அப்படி ஏழெட்டு மணி உண்டு.

சிப்புன்னா பயப்பட ஒண்ணுமில்ல, அரிசி மணி அளவுதான். கழுத்துக்குக் கீழ தோலுக்கு அடியில ஊசியில போட்டுடுவாங்க. இப்ப சென்னை மாநகராட்சியே வீட்டு நாய்க்குச் சிப் போடச் சொல்லுது. ஏற்கனவே போட்டிருந்தீங்கன்னா அது 15 இலக்கம் கொண்ட ஐ.எஸ்.ஓ. தரச் சிப்தானான்னு மட்டும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கோங்க.

சரி, அன்னைக்கே சிப், அன்னைக்கே ஊசி. அதுக்கப்புறம்தான் நிஜமான கணக்கு ஆரம்பிக்குது. ஊசி போட்டு குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கணும். அந்த ரத்தத்துல வெறிநோய்க்கு எதிரான ஆன்டிபாடி ஒரு மில்லிக்கு 0.5 ஐ.யு.வாவது இருக்கணும். அதை எந்த லேப்லயும் பார்த்துட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிச்ச லேப் பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுல இருக்குற லேபுக்கு ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரத்தைக் குளிர்ல வெச்சு அனுப்பணும். ரிசல்ட் நல்லா வந்தா உடனே கிளம்பிடலாமா? முடியாது. ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். ரிசல்ட் வந்த நாள்ல இருந்து இல்ல, ரத்தம் எடுத்த நாள்ல இருந்து.

"நல்லா இருக்குற நாய்க்கு எதுக்கு மூணு மாசம்?"னு எனக்கும் கோவம் வந்துச்சு. காரணம் இருக்கு. வெறிநோய்க் கிருமி உடம்புக்குள்ள போயி, வெளியில ஒண்ணுமே தெரியாம வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல பதுங்கி இருக்கும். ஊசி போடறதுக்கு முன்னாடியே கடி வாங்கின நாயா இருந்தா அந்த மூணு மாசத்துல பெரும்பாலும் தெரிஞ்சிடும். உலகத்துல வெறிநோயால சாகிறவங்கள்ல 36 சதவீதம் பேர் இந்தியாவுலதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஜப்பான்லயோ ஆஸ்திரேலியாவுலயோ இருந்து வர்ற நாய்க்கு இந்த ரத்தப் பரிசோதனையே கிடையாது. நம்ம ஊர் நாய்க்கு உண்டு. மணி மேல எந்தத் தப்பும் இல்ல, அவன் பொறந்த இடம் அப்படி.

ஜனவரி 20 ரத்தம் எடுத்தோம். பிப்ரவரி நடுவுல ரிசல்ட் வந்துச்சு. ஆன்டிபாடி அளவு நல்லாவே இருந்துச்சு. சந்தோஷத்துல ஆபீஸ்ல ஸ்வீட் கொடுத்தேன்னா பாத்துக்கோங்க. அன்னைக்கு ராத்திரி ரிப்போர்ட்டைச் சிப் ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினஞ்சு நம்பர்ல பதினொண்ணாவது நம்பர் வேற. ஸ்டிக்கர்ல 7, ரிப்போர்ட்ல 1. லேப் மேல தப்பில்ல. லேபுக்கு அனுப்பின ஃபார்மை நிரப்பினது நான். என் கையெழுத்துல 7ஐப் பார்த்தா 1 மாதிரிதான் இருக்கும். டாக்டர் கையெழுத்து போடறப்ப, "சரி பாத்துக்கிட்டீங்களா"ன்னு கேட்டாரு. "பாத்துட்டேன் டாக்டர்"னு சொன்னதும் நான்தான்.

திருத்தி வாங்க முடியுமான்னு கேட்டுப் பார்த்தோம். ஏர்போர்ட்டுல யாராவது சந்தேகப்பட்டா நாய் அங்கேயே மாட்டிக்கும், திருப்பி அனுப்பலாம், இல்லன்னா செலவு உங்க தலையில போட்டுத் தனிமைப்படுத்தலாம், எதுக்கு அந்த ரிஸ்க், மறுபடி எடுத்துடுங்கன்னு அனுபவம் இருக்குறவங்க சொன்னாங்க. பிப்ரவரி 24 மறுபடி ரத்தம். அதுல இருந்து மூணு மாசம்னா மே 24. எனக்கு வேலை ஏப்ரல் 1.

ஒரு இலக்கம். அதுக்கு அஞ்சு வாரம் போச்சு. தயவுசெஞ்சு சிப் நம்பரைக் கையால எழுதாதீங்க. ஸ்டிக்கர் கொடுப்பாங்க, அதை ஒட்டுங்க. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நாயை ஒரு தடவை ஸ்கேன் பண்ணச் சொல்லி, ஸ்கேனர் திரையை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

"நீங்க முன்னாடி போயிடுங்க, நாய் பின்னாடி கார்கோல வந்துடும்"னு நிறைய பேர் சொன்னாங்க. அதுலயும் ஒரு முடிச்சு இருக்கு. வீட்டு நாயா, சாதாரணமாப் போகணும்னா நாய் பயணிக்கிற நாளும் உரிமையாளர் பயணிக்கிற நாளும் அஞ்சு நாளுக்குள்ள இருக்கணும். வேற ஒருத்தர் எழுத்துல அனுமதி வாங்கிக் கூட்டிட்டு வரலாம், அப்பவும் அந்த அஞ்சு நாள் கணக்கு உண்டு. தாண்டிட்டா அது வியாபாரத்துக்குக் கொண்டு போற நாய்ங்கிற வகையில வந்துடும், வேற விதி, வேற சான்றிதழ். அதனால நான் ஏப்ரல்ல போயிட்டு, மணிக்காகவே திரும்பி வந்து, அவனோட மறுபடி போகணும். மே, ஜூன் சென்னை வெயில்ல கூண்டுல நாயை ஏத்தறதுக்கு எனக்கு மனசு வரல, சில விமான நிறுவனங்களும் வெயில் காலத்துல ஏத்த மாட்டாங்க. புது வேலையில லீவும் கிடைக்கல. கடைசியில ஆகஸ்ட்னு முடிவாச்சு.

அதுவரைக்கும் மணி எங்க இருப்பான்? பிரம்மதேசத்துல. அப்பாகிட்ட.

ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மத்த நாடுகளைப் பத்தி வேகமா சொல்லிடறேன், ஏன்னா கமெண்ட்ல கேப்பீங்க. பிரிட்டனுக்கும் சிப், ஊசி, ரத்தம், மூணு மாசம் எல்லாம் உண்டு. கூடவே கிளம்பறதுக்கு முன்னாடி நாடாப்புழு மருந்து, இறங்குற நேரத்துக்கு 24 மணியில இருந்து 120 மணி முன்னாடிக்குள்ள. விமானத்துல போனா நாய் கார்கோவாத்தான் இறங்க முடியும், உங்க லக்கேஜ் கணக்குல வராது. அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வேக்கும் அந்தப் புழு மருந்து உண்டு. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1ல இருந்து விதியை இறுக்கிடுச்சு. ஆறு மாசம் ஆகாத குட்டி போகவே முடியாது. நம்ம ஊர்ல ஊசி போட்ட நாய் அவங்க பதிவு செஞ்ச பராமரிப்பு மையம் இருக்குற ஏர்போர்ட்டுலதான் இறங்கணும், ரத்த ரிப்போர்ட் இல்லன்னா 28 நாள் அங்க அடைச்சு வெப்பாங்க. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவுல இருந்து நேரா கூட்டிட்டுப் போகவே முடியாது, நடுவுல அவங்க ஏத்துக்கிட்ட இன்னொரு நாட்டுல தங்கிட்டுத்தான் போகணும். சிங்கப்பூருக்கு லைசென்ஸ், தனிமைப்படுத்தல் எல்லாம் தாண்டினாலும், எச்.டி.பி. வீட்டுல ஒரே ஒரு நாய்தான், அதுவும் அவங்க பட்டியல்ல இருக்குற சின்ன இனமா இருக்கணும். வீடு பார்க்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. ஜெர்மனிக்கு பிட்புல், புல் டெரியர் மாதிரி நாலு இனங்களையும் அதோட கலப்பையும் கொண்டு வரக் கூடாது. சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ நாட்டு நாயோ பிரச்சினை இல்ல.

இந்த விதியெல்லாம் யாருக்காகவும் தளராதான்னு கேட்டா, ஒரு தடவை நம்ம நாட்டுலயே தளர்ந்துச்சு. 2022ல யுக்ரைன் போர் ஆரம்பிச்சப்ப நம்ம மாணவர்கள் சிலர் நாயை விட்டுட்டு வர மாட்டோம்னு பங்கர்ல உக்காந்துட்டாங்க. அப்ப அந்த ஒரு தடவைக்கு மட்டும் அனுமதிக் கடிதம் இல்லாம வளர்ப்புப் பிராணிகளை உள்ள விட்டாங்க. அதுக்கு ஒரு போர் வர வேண்டியிருந்துச்சு.

சரி, ஊருக்குப் போவோம். மார்ச் கடைசியில மணியையும் கூண்டையும் கொண்டு போயி அப்பாகிட்ட விட்டேன். கூண்டுக்கு அளவு உண்டு. ஐயாட்டான்னு விமான நிறுவனங்களோட சங்கம் வெச்சிருக்குற விதி. மூக்கு நுனியில இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஒரு அளவு, அதோட தரையில இருந்து முன்னங்கால் முட்டி வரைக்கும் இருக்குற உயரத்துல பாதியைச் சேர்த்தா கூண்டோட நீளம். மணிக்கு 70ம் 15ம் சேர்த்து 85 சென்டிமீட்டர். உயரம், நாய் நிமிர்ந்து நிக்கும்போது தலை வரைக்கும். காது நட்டுக்கிட்டு நிக்கிற நாய்க்கு காது நுனியையும் சேர்த்து அளக்கணும். நான் முதல்ல வாங்கினது காது இடிச்சுது, மாத்த வேண்டியதாப் போச்சு. மேலயும் கீழயும் சேர்க்க பிளாஸ்டிக் கிளிப் வரும், அதைத் தூக்கிப் போட்டுட்டு இரும்பு போல்ட் போடுங்க.

ஊரே வந்து பார்த்துச்சு. எதுத்த வீட்டுப் பெரியம்மா, "கோழி அடைக்கவா பாப்பா?"ன்னு கேட்டாங்க. நாய்க்குன்னதும் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அப்பாவும் நம்பல. "அது நாய்மா. அதுக்கு எதுக்கு பிளேன்? இங்கதான பொறந்துச்சு?"ன்னாரு. ஆனா பொண்ணு கொடுத்த வேலை. நான் ஒரு நோட்டுல எழுதிக் கொடுத்தேன்: முதல் வாரம் கூண்டுக் கதவைத் திறந்தே வைங்க, சோறு உள்ள வைங்க, ரெண்டாவது வாரம் ரெண்டு நிமிஷம் கதவைச் சாத்துங்க, அப்படியே நேரத்தை ஏத்துங்க. பத்து மணி நேரம் அவன் அமைதியா இருக்கப் பழகணும். விமானத்துல போற நாய்க்குத் தூக்க மருந்து கொடுக்கக் கூடாது, உயரத்துல மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கிடும். அதனால பழக்கம்தான் மருந்து.

மணி மூணு நாள் கூண்டுப் பக்கமே போகல. அப்பா நோட்டை ஓரம் வெச்சிட்டு, மரக்காணத்துல இருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை வறுத்து உள்ள போட்டாரு. அன்னைக்கு ராத்திரி மணி கூண்டுலதான் தூங்கினான். அந்தக் கருவாட்டு வாசனை கடைசி வரைக்கும் போகல, பிராங்க்பர்ட் ஏர்போர்ட் வரைக்கும் வந்துச்சு.

அடுத்து அப்பா செஞ்சது எந்த வெப்சைட்லயும் இல்லாதது. பக்கத்து வீட்டுக் குட்டியானைல கூண்டை ஏத்தி, மணியை உள்ள விட்டு, வேர்க்கடலை மூட்டையோட திண்டிவனம் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆட்டம், ஹாரன், லோடு இறக்கற சத்தம், ஆள் நடமாட்டம், எல்லாம் பழகட்டும்னு. வாரத்துக்கு ரெண்டு தடவை. ஜூலை மாசம் மார்க்கெட்டுல இருக்குறவங்களே "ஜெர்மனிக்காரன் வந்துட்டான்"னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. ஜெர்மனியில ரயில்ல பெரிய நாய்க்கு வாய்க்கூடு போடணும்னு போன்ல சொன்னேன். அதையும் பழக்கிட்டாரு, அதுக்கும் கருவாடுதான்.

தினமும் ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால். முதல் மாசம் அப்பா "அது சாப்பிட்டுச்சு", "அது தூங்குது"ன்னு சொல்லுவாரு. எப்ப மாறிச்சுன்னு எனக்கு நினைவில்ல. ஒரு நாள் "அவனுக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல"ன்னாரு. அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா ராத்திரி சமைக்கறதையே விட்டிருந்தாரு, மதியச் சோத்துல தண்ணி ஊத்திக் குடிச்சிட்டுப் படுத்துடுவாரு. மணிக்காக மறுபடி ராத்திரி உலை வெச்சாரு. இதை அவர் சொல்லல. போன்ல பின்னாடி அடுப்பு எரியறதைப் பார்த்து நானே தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆகஸ்ட் 10 ஊருக்கு வந்தேன். மணி குலைச்சு, குதிச்சு, மேல விழுந்து, அரை மணி நேரம் என்னை விடல. அப்புறம் போயி அப்பா கட்டிலுக்குக் கீழ படுத்துக்கிட்டான்.

கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி வேலை அரசாங்கச் சான்றிதழ். மத்திய அரசோட கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு மையம் சென்னையில பள்ளிக்கரணையில இருக்கு. முன்னாடியே நேரம் கேட்டு வாங்கி, நாயை நேர்ல காட்டணும். சிப் சான்று, ஊசி புக், ரத்த ரிப்போர்ட், உங்க டாக்டர் கொடுத்த உடல்நலச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் வேணும். ஐரோப்பாவுக்கான சான்றிதழ் இங்கிலீஷ்லயும் நீங்க முதல்ல இறங்குற நாட்டு மொழியிலயும் இருக்கணும். எனக்கு ஜெர்மன். கையெழுத்து ஆன நாள்ல இருந்து பத்து நாளுக்குள்ள அங்க போய்ச் சேரணும், அதனால ரொம்ப முன்னாடி வாங்கியும் பிரயோஜனம் இல்ல. எங்களுக்கு ஆகஸ்ட் 18 அதிகாலை விமானம். 15 லீவு நாள், அதனால 14, புதன்கிழமையே முடிச்சிட்டோம். அரசாங்க விடுமுறையைப் பார்த்து டிக்கெட் போடுங்க, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும்.

சான்றிதழோட அன்னைக்கே ஊருக்குத் திரும்பிட்டோம். அந்த ராத்திரி வாசல்ல உக்காந்திருந்தோம். எல்லா பேப்பரும் கையில. எட்டு மாச வேலை, என்னோட ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல செலவு. அப்பா கயித்துக் கட்டில்ல படுத்திருந்தாரு, ஒரு கை கீழ தொங்கிட்டு இருந்துச்சு, அந்தக் கைக்குக் கீழ மணி தலை.

"அப்பா, மணி இங்கயே இருக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் பதில் இல்ல. தூங்கிட்டாருன்னே நெனச்சேன். அப்புறம் சொன்னாரு: "கேட்டா இருக்கட்டும்னுதான் சொல்லுவேன். கேக்காத." கொஞ்சம் கழிச்சு, "எனக்கு எழுவது ஆச்சி. ராத்திரியில எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா இவன் கதவாண்ட உக்காந்துட்டே கெடப்பான். யார் சோறு போடுவா? நீ கூட்டிட்டுப் போ"ன்னாரு.

நான் கூட்டிட்டு வந்துட்டேன். சரியா பண்ணேனான்னு என்னால இன்னைக்கும் சொல்ல முடியல. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும், அந்தக் கேள்வியை நான் டிசம்பர்லேயே கேட்டிருக்கணும், சிப் போடறதுக்கு முன்னாடி. நாயை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு அவ்வளவு தேடினேன், கூட்டிட்டுப் போகணுமான்னு ஒரு நாளும் உக்காந்து யோசிக்கல. வயசான நாய், இதய நோய் இருக்குற நாய், பக் மாதிரி மூக்கு சப்பையா இருக்குற நாய், இதுங்களுக்கெல்லாம் விமானத்துல உயிருக்கே ஆபத்து இருக்கு. அது இல்லாமலும், அதை நல்லாப் பாத்துக்க ஒரு வீடு, பழகின ஒரு ஆள் இங்க இருந்தா விட்டுட்டுப் போறது துரோகம் இல்ல. தெருவுல இறக்கி விட்டுட்டுப் போறதுதான் துரோகம். அதுக்கு 1960ஆம் வருஷத்துச் சட்டத்துல முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயில இருந்து அம்பது ரூபாய். ஏர்போர்ட்டுல ஒரு டீ அதைவிட அதிகம்.

சனிக்கிழமை மத்தியானம் அதே குட்டியானைல சென்னைக்குக் கிளம்பினோம். அப்பாவும் வந்தாரு. கூண்டுல ஒட்டற தண்ணிக் கிண்ணத்துல முந்தின நாள் ராத்திரியே தண்ணி ஊத்தி ஐஸாக்கி வெச்சிருந்தோம், ஏத்தும்போது சிந்தாது, போகப் போக உருகும், நாய் நக்கிக்கும். கீழ ஈரம் உறிஞ்சற ஷீட், அதுக்கு மேல அப்பாவோட பழைய வேட்டி, துவைக்காதது. சாப்பாடு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்தியாச்சு. செக்யூரிட்டியில நாயை வெளியில எடுத்துட்டு வெறும் கூண்டை மட்டும் ஸ்கேனர்ல விட்டாங்க, அப்ப கழுத்துப் பட்டை நல்லா இறுக்கமா இருக்கட்டும். மறுபடி உள்ள போகச் சொன்னப்ப மணி அவனாவே போயி உக்காந்தான். அங்க வேலை செய்யறவர் ஒருத்தர், "நல்லா பழக்கியிருக்கீங்க மேடம்"னாரு. நான் பழக்கலைங்க. பழக்கினவர் வெளிய கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுட்டு இருந்தாரு.

அவன் 19 கிலோ, கேபின்ல வர முடியாது. பையோட சேர்த்து எட்டு கிலோவுக்குள்ள இருக்குற நாயைத்தான் பல விமானங்கள்ல கூட உக்கார விடுவாங்க. அடியில காத்தழுத்தம், குளிர் எல்லாம் சரி பண்ணின பகுதியிலதான் வந்தான். ஏறினதும் பணிப்பெண்கிட்ட நாய் ஏறிடுச்சான்னு கேட்டேன், விசாரிச்சுச் சொன்னாங்க. கேக்கறதுல வெக்கப்படாதீங்க.

பிராங்க்பர்ட்ல சிப்பை ஸ்கேன் பண்ணி, பேப்பரோட ஒவ்வொரு நம்பரா விரல் வெச்சு ஒப்பிட்டாங்க. பதினொண்ணாவது நம்பர்ல விரல் வந்தப்ப எனக்கு நெஞ்சு அடிச்ச அடி. நாலு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. வெளிய வந்ததும் முதல் புல்தரையில மணி ஒண்ணுக்குப் போனான் பாருங்க, முடியவே இல்ல. அப்புறம் அவனுக்கும் டிக்கெட் எடுத்து, வாய்க்கூடு போட்டு, ரயில்ல பெர்லின். இங்க நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ வரி. வரி கட்டினா வில்லை ஒண்ணு கொடுப்பாங்க. அப்பாகிட்ட சொன்னேன், "நான் நெலத்துக்குக் கட்டுறதவிட ஜாஸ்தியா இருக்கே"ன்னாரு.

வந்து முதல் ரெண்டு வாரம் மணி சரியாச் சாப்பிடல. வீடியோ கால்ல அப்பா பேசினா திரையில ஆளைத் தெரியாது, ஆனா குரல் தெரியும். போனுக்குப் பின்னாடி போய்த் தேடுவான், அப்புறம் கதவுகிட்ட போயி உக்காந்துக்குவான், ஒரு மணி நேரம் வர மாட்டான். அதனால இப்ப நான் ஹெட்செட் மாட்டிக்கிட்டுத்தான் அப்பாகிட்ட பேசறேன். புது இடத்துக்கு வந்த நாயோட பழைய ஆளுங்க வீடியோல பேசறது எல்லா நாய்க்கும் ஒத்து வராது, பார்த்துக்கோங்க. கூண்டை மடிச்சு வெச்சிடாதீங்க, சில மாசம் திறந்தே போட்டு வைங்க. மணி அந்த வேட்டி மேலதான் இன்னும் படுக்கறான்.

கடைசியா ஒண்ணு, இதை நிறைய பேர் மறந்துடறாங்க. அந்த ரத்தப் பரிசோதனை, வெறிநாய்க்கடி ஊசியை விடாம தேதிக்குள்ள போட்டுட்டே வந்தா நாய் உயிரோட இருக்குற வரைக்கும் செல்லும். இங்க உள்ள டாக்டர்கிட்ட அதை நாயோட ஐரோப்பிய பாஸ்போர்ட்ல பதிஞ்சு வாங்கிக்கணும். அப்படி இருந்தா நாயை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டு மறுபடி மூணு மாசம் காத்திருக்காமத் திரும்பி வரலாம். ஊசி ஒரு நாள் தள்ளிப் போனாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மணிக்கு அந்தத் தேதி டிசம்பர் 15. நான் போன்ல ரிமைண்டர் போட்டிருக்கேன். ஆனா 2024 டிசம்பர் 1 காலையில, ரிமைண்டருக்கு முன்னாடி அப்பா போன் வந்துச்சு. பிரம்மதேசத்துல எங்க வீட்டுத் தினசரி காலண்டர்ல அந்தத் தேதிக்குப் பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்காரு. "ஊசி போட்டாச்சா?"ன்னாரு. "இல்லப்பா, இன்னும் பதினாலு நாள் இருக்கு"ன்னேன். "இன்னைக்கே போட்டுடு"ன்னு சொல்லி வெச்சிட்டாரு.